கும்மிடிப்பூண்டிக்கு நூறு துத்தநாக மாத்திரைகள்

கோலாலம்பூரிலிருந்து நான் கொண்டுவந்த சாமான்களில் எடை குறைந்தது மாத்திரை டப்பாதான். வழிநெடுகச் சத்தம் போட்டுக்கொண்டு வந்ததும் அதுதான். துத்தநாகம், கால்சியம், மக்னீசியம் மூன்றும் கலந்த சத்து மாத்திரை, எண்ணிக்கை நூறு. கைப்பையை எந்தப் பக்கம் சாய்த்தாலும் கிலுகிலுப்பை. மின்சார ரயிலில் எதிரே அம்மா மடியில் இருந்த குழந்தை மீஞ்சூர் வரை என் பையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

டப்பாவைக் கேட்டிருந்தவன் என் சித்தப்பா மகன் தாமோதரன். எங்கள் அப்பா கப்பலேறி மலாயாவுக்குப் போனார். சித்தப்பா கும்மிடிப்பூண்டிப் பக்கத்து நெல்வயலிலேயே நின்றுவிட்டார். அவர் மகன் தாமு, வயலைத் தாண்டி எழும்பிய தொழிற்பேட்டையில் இரும்புக்குத் துத்தநாகம் பூசும் ஆலையில் வேலை பார்க்கிறான். இந்த ஊரில் துத்தநாகம் தொட்டி தொட்டியாகக் கொதிக்கிறது. நான் அதை மாத்திரையாக உருட்டிக் கடல் கடந்து கொண்டுவருகிறேன்.

"யக்கா, கால் கட்டவெரலு போயிடும்போலக் கீது. வரும்போது அந்த சத்து மாத்திரய மறக்காம எடுத்துனு வா" என்று போனில் சொல்லியிருந்தான். அவன் குரலை மட்டும் கேட்டால் மாத்திரைதான் அவசரம், விரல் சும்மா கூட வருவது என்று தோன்றும்.

அத்திப்பட்டில் சரக்கு வண்டிக்கு வழிவிட்டு ரயில் நின்றது. எங்கள் ஊரில் ரயில் ஐந்து நிமிடம் நின்றால் ஒலிபெருக்கி மூன்று மொழியில் மன்னிப்புக் கேட்கும். இங்கே யாரும் கேட்கவில்லை, யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. எல்லோரும் செல்போனை எடுத்து, "அத்திப்பட்டாண்ட போட்டுட்டான்" என்று வீட்டுக்கு ஒரு வரிச் செய்தி அனுப்பிவிட்டு மிளகாய்த்தூள் தூவிய கொய்யாவை வாங்கினார்கள். எப்போது கிளம்பும் என்று பக்கத்துப் பெண்ணைக் கேட்டேன். "அது போவும்போது போவும்மா. கொய்யா துன்னுங்க" என்றாள். தின்றேன். கொய்யா முடிந்ததும் ரயில் கிளம்பியது.

கும்மிடிப்பூண்டியில் ஷேர் ஆட்டோ. ஏழு பேர் உட்காரும் வண்டியில் பதினோரு பேர். டிரைவருக்கே அரை இருக்கைதான் மிச்சம். "இன்னாம்மா, பை ரெண்டு ஆளு எடத்தப் புடிக்குது, மடியில வெச்சுக்க" என்றார். வைத்தேன். பதினோரு பேருக்கும் கேட்கும்படி டப்பா கிலுகிலுத்தது.

வீட்டு வாசலில் தாமுவின் மனைவி கஸ்தூரி நின்றிருந்தாள். "வாங்க அண்ணி. இவரு காலப் பாக்க வந்தீங்களா, பேச்சக் கேக்க வந்தீங்களா?"

"ரெண்டுக்கும் ஒரே டிக்கட்டுதான் யக்கா, உள்ள வா" என்று குரல் வந்தது.

பிளாஸ்டிக் நாற்காலியில் தாமு. எதிரே முக்காலியில், தலையணை மேல், துணி சுற்றிய இடது கால். தொட்டிக்கு அனுப்பும் இரும்பைக் கட்டும் கம்பி ஒன்று பூட்ஸைத் துளைத்துக் கட்டைவிரலில் ஏறியிருக்கிறது. சர்க்கரை நோய்க் கால் என்பதால் வலி தெரியவில்லை. தெரிந்தபோது புண் இரண்டு வாரம் மூத்திருந்தது. அதிலிருந்து சீழ் வருவது நிற்கவே இல்லை. திருவள்ளூர் அரசு மருத்துவமனை அறுவை மருத்துவர் நாள் குறித்துவிட்டார். அடுத்த புதன்கிழமைக்கு அடுத்த புதன்கிழமை. அதற்குள் புண் திரும்பாவிட்டால் விரலை எடுத்துவிடுவது. கட்டைவிரல் இல்லாதவன் சறுக்காமல் நிற்க முடியாது, கொதிக்கும் தொட்டியின் மேடையில் அவனை ஏற்ற மாட்டார்கள். இருபத்திரண்டு வருடமாக அவன் நின்ற இடம் அது.

"கிருமிய டெஸ்ட் பண்ணாங்க யக்கா" என்று ஒரு தாளை நீட்டினான். பன்னிரண்டு மருந்துகளின் பெயர். பதினொன்றுக்கு எதிரே ஆர், அதாவது கிருமி அந்த மருந்துக்கு மசியாது. ஒன்றுக்கு எதிரே மட்டும் எஸ், மசியும். "பதினோரு மருந்த ஜெயிச்சிருக்குது. சாதா கிருமி இல்ல."

"அதுக்கு மெடலு ஒண்ணு குத்திவுடு" என்றாள் கஸ்தூரி.

அந்த ஒரே ஒரு எஸ் மாத்திரையைத்தான் மூன்று வாரமாகக் காலையும் இரவும் சாப்பிடுகிறான். தாளின்படி கிருமி தோற்க வேண்டும். கால் தாளைப் படிக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பழவேற்காட்டு இறால் தொக்கு. எங்கள் ஊர் இறால் பெரிது, தின்று முடிப்பதற்குள் ருசி எங்கே என்று தேட வேண்டியிருக்கும். இது சுண்டுவிரல் அளவு, வாயில் வைத்ததும் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. மூன்றாவது முறை சோறு போட்டுக்கொண்டபோதுதான் சுவரைப் பார்த்தேன். பெரியபாளையம் பவானி அம்மன் காலண்டருக்கும் மின்சார அட்டைக்கும் நடுவில், லேமினேட் செய்த ஒரு பத்திரிகைத் துண்டு. கோலாலம்பூரில் நான் வேலை பார்க்கும் எங்கள் பத்திரிகை. மருத்துவக் கேள்வி பதில் பகுதி. ‘மருந்துக்குப் பலம் சேர்க்கும் தாதுச் சத்து’ என்ற தலைப்பு.

தலைப்பு வைத்தவள் நான்.

"நீ தைல பாட்டிலு அனுப்பினியே, அத்தச் சுத்தி வந்துது யக்கா" என்றான் தாமு பெருமையாக. "பிரிச்சேன், படிச்சேன், அப்பவே ஆபீஸ்ல குடுத்து லேமினேட் போட்டேன். நம்ம அக்கா பேப்பராச்சே."

எழுந்துபோய்ப் படித்தேன். தாது மாத்திரை சாப்பிட்டால் கிருமிக்கொல்லி மருந்துக்குப் பலம் கூடுமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சில உலோக உப்புகள் கிருமியின் காவலைத் தளர்த்தும், வயிற்றுப்புண் கிருமிக்குப் பிஸ்மத் உப்பை மருந்தோடு சேர்த்துக் கொடுப்பது உண்டு, துத்தநாகம் குறைந்த உடம்பு நோயோடு சண்டை போடத் திணறும் என்று எங்கள் டாக்டர் பதில் எழுதியிருந்தார். அதோடு அச்சான பகுதி முடிந்திருந்தது. டாக்டர் எழுதியது அதோடு முடியவில்லை. இன்னும் ஒரு வாக்கியம் இருந்தது. பக்கம் முடிக்கும் நேரத்தில் நகைக்கடை விளம்பரம் இரண்டு சென்டிமீட்டர் வளர்ந்து வந்தது. நான் கடைசி வாக்கியத்தை எடுத்தேன். கடைசி வாக்கியங்கள் பெரும்பாலும் விடைபெறும் வணக்கங்கள்தான், எடுத்தால் யாரும் தேட மாட்டார்கள்.

இது வணக்கம் அல்ல. ‘ஆனால் சில கிருமிக்கொல்லி மாத்திரைகளைத் தாதுச் சத்து மாத்திரையோடோ பாலோடோ சேர்த்து விழுங்கினால், இரண்டும் வயிற்றிலேயே ஒட்டிக்கொண்டு மருந்து ரத்தத்துக்குப் போகாது, நடுவே சில மணி நேரம் இடைவெளி வேண்டும்.’

தாமுவின் எஸ் மாத்திரை அந்தச் சில மாத்திரைகளில் ஒன்று.

"மாத்திரய எப்படிச் சாப்புடற?" என்று கேட்டேன்.

"பேப்பர்ல போட்டா மாதிரிதான். மாத்திர ஒண்ணு, சத்து மாத்திர ஒண்ணு, சேத்து ஒரே முழுங்கு."

அன்று மாலையே உண்மையைச் சொன்னேன். ஒரு வரி விட்டுப்போயிற்று, விட்டது நான்தான் என்றேன்.

தாமு யோசித்தான். "அச்சுல வந்தத நீ வாயால மாத்தறியே யக்கா."

"அச்சுல போட்டதே நான்தான்டா."

"அப்ப போடும்போதே சொல்லிருக்கணும்."

 இதற்குப் பதில் கஸ்தூரியிடம் இருந்தது. நூறு மாத்திரை டப்பாவை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "ராத்திரி மாத்திர இனிமே தண்ணியோட. காலையில உன் கேன்டீன்ல நீ இன்னாவோ பண்ணிக்க."

கேன்டீனில் என்ன பண்ணுகிறான் என்பதை மறுநாள் திங்கட்கிழமை பார்த்தேன். கால் ஆறும் வரை அவனுக்கு எடைமேடைப் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டு எழுதும் வேலை. ஆலை கேட்டுக்கு வெளியே தகரக் கொட்டகையில் கேன்டீன். பத்து மணிக்குத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை யாரோ அடித்தார்கள். ஆட்கள் வரிசையில் வந்தார்கள், ஆளுக்குக் கால் லிட்டர் பால். அமிலப் புகையிலும் துத்தநாகப் புகையிலும் நிற்பவர்களுக்கு ஆலை தர வேண்டிய பால். நெஞ்சில் படிந்த புகையைப் பால் கழுவிவிடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கழுவுமா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பாலை நிர்வாகம் ஒருமுறை நிறுத்தியபோது, கேட் முன்னால் ஒன்பது நாள் உட்கார்ந்து திரும்ப வாங்கியவர்களில் முதல் ஆள் தாமு என்பது மட்டும் தெரிந்தது. வரிசையில் அவனுக்கு முதல் டம்ளர்.

பால் ஊற்றுபவர் ரங்கையா. ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திரா பக்கத்துக்காரர், தொழிற்சங்கத்தின் கேன்டீன் பொறுப்பாளர். எல்லோருக்கும் அவர் நைனா. அவர் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின். யாருக்குப் புண், கட்டி, நாள்பட்ட இருமல் என்று டாக்டர் மாத்திரை கொடுத்தாலும் காலை மாத்திரை அட்டை அந்த டின்னுக்கு வந்துவிட வேண்டும். ஆள் மறந்தாலும் டின் மறக்காது. மணி அடித்ததும் நைனா பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மாத்திரை ஒன்று, உள்ளூர்க் கடையில் வாங்கிய சத்து மாத்திரை ஒன்று, மேலே கால் லிட்டர் பால். டின் ஏற்பாடு தாமுவுடையது. முறைக்குப் பெயர் மலேசியா முறை. அன்றைக்கு நாலு பேர் அந்த முறையில் இருந்தார்கள்.

ஊரிலேயே நல்ல ஒழுங்கோடு நடந்த காரியம் அதுதான்.

"நைனா, ஒரு நிமிஷம்" என்று நான் ஆரம்பித்தேன். பாலும் சத்து மாத்திரையும் சில மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிரித்துச் சாப்பிட வேண்டும் என்று இரண்டு நிமிடத்தில் சொன்னேன்.  

நைனா சொம்பைக் கீழே வைத்தார். "ஏம்மா, பால் குடிக்காதன்றியா?"

"பாலைக் குடிங்க. மாத்திரையோட வேண்டாம்னு சொல்றேன்."

"இன்னிக்கு மாத்திரையோட வேணாம்பே. நாளைக்கு மாத்திர சாப்புடறவனுக்கு எதுக்குப் பாலுன்னு ஆபீஸ்ல கேப்பான். அப்பால எதுக்கும் வேணாம்பான்." பின்னாலிருந்து ஒரு குரல்: "மேடத்துக்கு உள்ள யாரு நைனா சொந்தம்? மேனேஜரா?"

"தாமு அண்ணனோட அக்கா" என்றது இன்னொரு குரல்.

"அப்ப தாமு அண்ணன எதுக்கு வில்லங்கத்துல மாட்டுது?"

பேப்பரில் போட்டதில் ஒரு வரி விட்டுப்போயிற்று, அந்தப் பேப்பரில் வேலை செய்பவள் நான்தான் என்றேன். நைனா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பேப்பர்ல போடறவங்க தப்பாப் போடுவாங்களாம்மா?" என்று கேட்டார். இந்த நம்பிக்கையை வேறு எங்கே கேட்டிருந்தாலும் நெகிழ்ந்திருப்பேன்.

தாமு என்னைப் பார்த்தான், வரிசையைப் பார்த்தான், மாத்திரையை வாயில் போட்டான், பாலைக் குடித்தான். பாலுக்காக ஒன்பது நாள் உட்கார்ந்தவன், தன் சொந்த முறையை, ஊரறிய, அக்கா பேச்சைக் கேட்டு நிறுத்த முடியாது. காலைவிட முகம் பெரிது அன்றைக்கு.

"பேஜார் பண்ணாத யக்கா" என்றான் வெளியே வந்ததும், மெதுவாக. "எனக்குப் புரியுது. ஆனா இவங்களுக்குப் பேப்பர்ல வந்தாத்தான் செல்லும். எனக்கும் வந்தாத்தான் கையில புடிச்சுக்க எதுனா இருக்கும்."

சரி, பேப்பரிலேயே வரட்டும் என்று முடிவு செய்தேன். ஸ்டேஷன் ரோட்டில் எஸ்.டி.டி., பேக்ஸ், ஜெராக்ஸ் மூன்றும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார் ஜாபர் பாய், பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம். அங்கிருந்து முதலில் எங்கள் டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் மருந்தின் பெயரைக் கேட்டதும், "பாலோடவா?" என்றார். பிறகு நேரம் சொன்னார். மாத்திரை காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும், வெறும் தண்ணீரில். பால் பத்து மணிக்கே இருக்கட்டும். சத்து மாத்திரை வேண்டுமென்றால் படுக்கப்போகும்போது. அடுத்து பத்திரிகை ஆசிரியரைக் கூப்பிட்டு, என் தவறுக்கு ஒரு திருத்தம் போட வேண்டும் என்றேன். எத்தனையோ வருடமாக மற்றவர்கள் தவறுக்குத் திருத்தம் எழுதியவள் நான். அவர் குரலில் தெரிந்த மகிழ்ச்சியைக் குறிப்பிடாமல் விடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காத்திருந்தேன். கஸ்தூரி கேழ்வரகுக் கூழ் காய்ச்சினாள், ஆடி மாதம். கருவாடு தொட்டுக்கொள்ள. எங்கள் ஊரில் காலையில் சந்தித்தால் ‘பசியாறியாச்சா’ என்று கேட்போம். இங்கே ‘நாஷ்டா ஆச்சா’. கேள்வி கேட்ட வேகத்திலேயே தட்டும் வந்துவிடுகிறது, பதில் தேவையில்லை. துணி மாற்றும்போது தாமுவின் விரலைப் பார்த்தேன். பாதி ஊதா, பாதி மஞ்சள். கஸ்தூரி மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டினாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு தொழிற்சங்க அரசியல் பேசினான். கட்டி முடித்ததும், "வாசன கம்மியாச்சுல்ல?" என்று அவளிடம் கேட்டான். அவள் ஆமாம் என்றாள். குறையவில்லை.

புதன் மதியம் பேக்ஸ் வந்தது. ஜாபர் பாய் கடையில் தாள் சுருண்டு சுருண்டு இறங்கியது. கட்டம் கட்டிய ஐந்து வரி. ‘திருத்தம்’ என்ற தலைப்பு, கீழே நான் வெட்டிய வாக்கியம் முழுதாக. கடையில் இருந்த மூன்று பேரும் படித்தார்கள். "ஜெராக்ஸ் எடுத்துக்கங்கம்மா, இந்தத் தாளு நிக்காது" என்றார் பாய். எனக்கு அவசரம். பிறகு பார்க்கலாம் என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

தாமு அதை இரண்டு முறை படித்தான். "இத்த முதல்ல லேமினேட் போடணும். சும்மாத் தாளா காட்டினா நைனா டீ க்ளாசுக்கு அடியில வெச்சுடுவாரு."

வியாழன் காலை, வருகைப் பதிவேடு வைத்திருக்கும் ஆலை டைம் ஆபீஸில் கொடுத்தான். அடையாள அட்டைகளுக்கு லேமினேட் போடும் இயந்திரம் அங்கேதான் இருந்தது, முதல் துண்டுக்கும் அங்கேதான் போட்டான். பத்து மணிக்குக் கிளார்க் கேன்டீனுக்கே வந்தார். "இன்னா தாள் குடுத்த தாமு? மெஷினே பயந்துபோச்சு" என்று அட்டையை நீட்டிவிட்டுப் போய்விட்டார்.

அட்டை கறுப்பாக இருந்தது. ஓரத்திலிருந்து ஓரம் வரை, புதுச் சிலேட்டைப் போலப் பளபளப்பாக. ஓர் எழுத்து மிச்சமில்லை. பேக்ஸ் தாள் சூடு பட்டால் கறுப்பாகும் தாள். அதனால்தான் அது பேக்ஸ் தாள். சூடான இரண்டு உருளைக்கு நடுவே அதை நாங்களே அனுப்பியிருக்கிறோம்.

நைனா அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். வரிசை கூடிவிட்டது.

"இதான் மலேசியாலருந்து வந்த தாளா?"

"அதான் நைனா" என்றான் தாமு.

"ஆபீசுக்குள்ள போவும்போது எழுத்து இருந்துச்சா?"

"இருந்துச்சு. நானே ரெண்டு தபா படிச்சேன்."

"வெளிய வரும்போது?"

தாமு கறுப்பு அட்டையைப் பார்த்தான்.

"வெள்ளையா உள்ள போச்சு, கருப்பா வெளிய வந்துச்சு" என்றார் நைனா, எல்லோருக்கும் கேட்கும்படி. "பேப்பர்ல வந்த சேதிய ஆபீஸ்காரன் அழிச்சிருக்கான். அப்ப அதுல இன்னாமோ கீது."

நான் வாயைத் திறந்தேன். தாளின் தன்மை, சூடு, உருளை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்வதற்காக. மேசைக்கு அடியில் தாமு தன் நல்ல காலால் என் காலை மிதித்தான். நன்றாகவே மிதித்தான்.

"இன்னா எழுதியிருந்துச்சும்மா?" என்று நைனா என்னைக் கேட்டார். திங்கட்கிழமைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது அதுதான்.

சொன்னேன். மனப்பாடம்தான். பால், தாதுச் சத்து, சில மாத்திரைகள், வயிற்றில் ஒட்டிக்கொள்வது, இடைவெளி. ஒரு சொல்லும் விடவில்லை.

நைனா கண்ணை மூடி யோசித்தார். "பாலோட மாத்திர போட்டா சீக்கு ஆறாது. சீக்கு ஆறலன்னா ஆள் மேடைல ஏற முடியாது. ஏறலன்னா கணக்கு முடிச்சு அனுப்பிடலாம். அதாண்டா மறைக்கிறான்!" பிஸ்கட் டின்னைத் திறந்தார். அவரவர் அட்டையை எடுத்து அவரவர் கையில் திணித்தார். "மாத்திரய ஊட்டுல துன்னுங்க. பத்து மணிக்குப் பால இங்க குடிங்க. ரெண்டையும் விட்டுத் தரமாட்டோம்!"

வரிசையில் கைதட்டல். உங்கள் மருந்து இந்த வகைதானா என்று அவரவர் டாக்டரைக் கேளுங்கள் என்று நான் சொன்னதை இரண்டு பேராவது கேட்டிருப்பார்கள். உண்மையான செய்தி தவறான காரணத்துக்காக நம்பப்படுவதை நான் தொழிலில் பலமுறை பார்த்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு நின்றது அதுவே முதல் முறை.

அன்று மாலையிலிருந்து வீட்டில் ஆறு மணி என்பது ஆறு மணி. காலை ஆறுக்குக் கஸ்தூரி சொம்புத் தண்ணீரோடு நிற்பாள். காபி எட்டு மணிக்கு மேல்தான். "ஆஸ்பத்திரில கூட இப்டி இல்ல யக்கா" என்று அவன் முனகினான். ஞாயிற்றுக்கிழமை துணி மாற்றும்போது கஸ்தூரி மூச்சைப் பிடித்துக்கொள்ளவில்லை. அதை அவளே கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், சொல்லவில்லை.

புதன்கிழமை மூவரும் திருவள்ளூருக்குப் பஸ் ஏறினோம். பெரியபாளையத்தில் வேண்டுதலுக்காக வேப்பிலையாலேயே வேப்பஞ்சேலை கட்டியவர்களும் கூழ்ப் பானை சுமந்தவர்களுமாகச் சாலை பச்சையாக இருந்தது. பஸ் ஊர்ந்தது. ஜன்னலோரத்தில் உறுப்புத் தகடு விற்றவளைக் கஸ்தூரி கூப்பிட்டாள். கண், கை, கால் என்று அச்சடித்த தகரங்கள், உண்டியலில் போடுவதற்கு.

"இடது கால் இல்லியா?"

"எல்லாம் வலதுதான் வருது. அம்மாளுக்குத் தெரியாதா எந்தக் காலுன்னு?"

"டாக்டருக்கே நாலு தபா சொல்ல வேண்டியிருக்குது" என்றாள் கஸ்தூரி. ஆனாலும் வாங்கி, ஜன்னலோரம் நடந்துபோன ஒரு வேப்பஞ்சேலைக்காரியிடம் கொடுத்து, தாமு பேரைச் சொல்லிப் போட்டுவிடச் சொன்னாள். தாமுவின் தாதுச் சத்துப் பட்டியலில் ஒரு தகரக் காலும் சேர்ந்தது.

மருத்துவமனை வராந்தாவில் தாமு கிருமித் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தான்.  முறை வந்து உள்ளே போனபோது, நடப்பதற்கு என் தோளைப் பிடித்தான். 

மருத்துவர் இளம்பெண். துணியை அவிழ்த்தார், குனிந்தார், விரலை இரண்டு பக்கமும் அழுத்தினார். ஓரத்தைச் சுரண்டினார். சிவப்பாக ரத்தம் வந்தது. சீழ் இல்லை. பழைய சீட்டைப் பார்த்தார், மறுபடி விரலைப் பார்த்தார்.

"போன தடவை இந்த இடம் செத்துப்போயிருந்தது" என்றார். "இப்ப சதை வளருது. வெட்ட வேண்டாம். மருந்து இன்னும் ரெண்டு வாரம், சர்க்கரையைக் குறைங்க, செருப்பில்லாம நடக்காதீங்க."

கஸ்தூரி குனிந்து அவன் செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தாள்.

"அதே மாத்திரைதானே? என்ன மாத்தினீங்க?" என்று மருத்துவர் கேட்டார்.

"முன்ன பாலோட சாப்டேன் டாக்டரம்மா. சத்து மாத்திரையும் சேத்து. இப்ப தனியா" என்றான் தாமு.

"பாலோடவா? யார் அப்படிச் சொன்னது?"

தாமு என்னைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டான். "ஒரு பேப்பர்ல..."

"என் பேப்பர்" என்றேன். "கடைசி வரியை நான் வெட்டிட்டேன்."

மருத்துவர் பேனாவை மூடி என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "என்கிட்ட வெட்டிக்க எத்தனையோ பேர் வர்றாங்க" என்றார். "நீங்க கொஞ்சம் கையைக் கட்டிக்கிட்டு இருங்க."

திரும்பும்போது பெரியபாளையத்துக்குச் சற்று முன்னால் பஸ் நின்றே போனது. முன்னால் கூழ் ஊற்றும் கூட்டம். மணி ஆறாகப் போகிறது. தாமு சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்தான். எங்கள் பாட்டிலில் தண்ணீர் தீர்ந்திருந்தது. ஜன்னல் வழியாக ஒரு கை நீர்மோர் டம்ளரை நீட்டியது. "அம்மா பிரசாதம்பா, வேணாங்காத."

"மோரு அப்பால. வெறும் தண்ணி குடு" என்றான் தாமு. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அம்மன் மோரை வேண்டாம் என்றவன் யார் என்று பார்த்தது. கண்டக்டர் தன் பாட்டிலைக் கொடுத்தார். தாமு மாத்திரையை விழுங்கிவிட்டு, கட்டுப் போட்ட காலை நடைவழியில் நீட்டிக் காட்டி ஆரம்பித்தான். பதினோரு மருந்தை ஜெயித்த கிருமி, பால், சத்து மாத்திரை, வயிற்றில் ஒட்டிக்கொள்வது. பிழை பார்ப்பவளாக நான் கேட்டுக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு சொல்லும் சரியாக இருந்தது. அச்சில் வந்ததைவிடத் தெளிவாகவே இருந்தது.

"...ஆறு மணி, வெறும் தண்ணி. கெழக்கப் பாத்து நின்னு முழுங்கணும்" என்று முடித்தான்.

"ஏண்டா, கிழக்கு எங்கேருந்து வந்தது?" என்று காதில் கேட்டேன்.

"வெறும் தண்ணின்னா எவன் யக்கா மதிப்பான்?" என்றான் தாமு. "கெழக்கன்னு சொன்னாத்தான் அந்தத் தண்ணியவே ஒழுங்கா குடிப்பான்."

திருத்தலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது பின் இருக்கைப் பெண் என் தோளைத் தட்டினாள். புடவை முந்தியில் முடிந்துவைத்திருந்த மாத்திரை அட்டை ஒன்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா, பஸ்ஸு இப்ப எந்தப் பக்கம் பாத்து நிக்குது?"

பின் கண்ணாடியில் வெயில் சாய்ந்திருந்தது. இன்னொரு முறை பார்த்து உறுதி செய்துகொண்டு, "முதல்ல உங்க டாக்டர்கிட்ட நேரம் கேட்டுக்குங்க" என்றேன். பிறகு முன்னால், டிரைவர் இருந்த கிழக்குப் பக்கம் கையைக் காட்டினேன்.